கோடை விடுமுறையில் ஆர்க்கிடெக்ட் அலுவலகம்: கட்டடக்கலை மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் கட்டடக்கலைக் கல்லூரிகளில் இரண்டாம், மூன்றாம் ஆண்டு படிக்கும் மாணவ மாணவியருக்கு,

பி.ஆர்க். ஐந்தாண்டுப் படிப்பு, மொத்தம் 10 பருவங்கள். அவற்றில் ஒரு பருவம் முழுவதும் அலுவலகப் பயிற்சிக்கென ஒதுக்கப்பட்டிருக்கிறது. கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சர் வகுத்த கல்வி விதிமுறைகளின்படி அது கட்டாயம். கோடை விடுமுறையில் தேடிக்கொள்ளும் வேலை அனுபவம் அதிலிருந்து வேறுபட்டது. அதற்கு மதிப்பெண் கிடையாது, பெரும்பாலும் கல்லூரி இடம் பிடித்துத் தருவதும் கிடையாது. மாணவரே தேடி, கேட்டு, நான்கு முதல் எட்டு வாரம் வரை போய்வர வேண்டும். கட்டாயம் இல்லாததாலேயே பலர் இதை விட்டுவிடுகிறார்கள். ஆனால் நான்காம் ஆண்டை ஒட்டி வரும் கட்டாயப் பயிற்சிக்கு எந்த மாதிரி அலுவலகத்தைத் தேர்வது என்ற தெளிவு, அதற்கு முன்பே ஓர் அலுவலகத்தை உள்ளிருந்து பார்த்தவர்களுக்குத்தான் கிடைக்கிறது.

தேடலைத் தொடங்கும் மாணவர்கள் பெரும்பாலும் முதலில் பெயர் பெற்ற அலுவலகங்களின் பட்டியலைத்தான் எடுக்கிறார்கள். இதழ்களில் படம் வந்த அலுவலகம், விருது வாங்கிய அலுவலகம், சென்னையிலோ பெங்களூரிலோ அகமதாபாத்திலோ உள்ள அலுவலகம் என்று அந்தப் பட்டியல் நீளும். அத்தகைய இடங்களுக்கு நாடு முழுவதிலுமிருந்து விண்ணப்பங்கள் குவிகின்றன. அங்கே முழுப் பருவமும் இருக்கப்போகும் பயிற்சியாளருக்கே முதலிடம். ஆறு வாரத்துக்கு வருபவருக்கு மாடல் ஒட்டுவதும் பழைய கோப்புகளை அடுக்குவதுமே மிஞ்சக்கூடும். குறுகிய கோடைக்காலத்துக்கு ஏற்ற அளவுகோல் வேறு. அந்த அலுவலகம் வரைந்த கட்டடம் ஒன்று அந்த மே மாதத்தில் எழுந்துகொண்டிருக்கிறதா, மாணவரை அங்கே அழைத்துப்போவார்களா என்பதே முதலில் பார்க்க வேண்டியது.

காலமும் இதற்குச் சாதகமாக இருக்கிறது. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் தளம் போட்டுவிட வேண்டும் என்று வீடு கட்டுவோர் அவசரப்படுவதால், கோடையில் சைட்டுகளில் வேலை மும்முரமாக நடக்கும். ஒரு கூரைத் தளம் உருவாவதை ஆறு வாரத்தில் தொடக்கம் முதல் முடிவு வரை பார்த்துவிடலாம். சென்ட்ரிங் அடிப்பது, கம்பி கட்டுவது, மின்குழாய் பதிப்பது, கான்கிரீட் போடுவது, பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவது, கடைசியில் முட்டுப் பிரிப்பது என்று அது வரிசையாக நடக்கும். ஐ.எஸ். 456 என்னும் இந்தியத் தர விதி, சாதாரண சிமென்ட்டில் போட்ட கான்கிரீட்டைக் குறைந்தது 7 நாள் ஈரமாக வைக்கச் சொல்கிறது. வெயிலும் வறட்சியும் மிகுந்த காலத்தில் 10 நாள். தளத்தின் இடைவெளி 4.5 மீட்டருக்குள் இருந்தால் முட்டுகள் 7 நாளும், அதைத் தாண்டினால் 14 நாளும் நிற்க வேண்டும். வகுப்பறையில் அட்டவணையாகப் படித்த இந்த எண்களுக்காக மேஸ்திரியும் வீட்டுக்காரரும் சைட்டில் வாக்குவாதம் செய்வதைப் பார்த்தவருக்கு அவை மறப்பதில்லை.

தேடும் வழிகள் பல. கல்லூரி நூலகத்தில் முந்தைய ஆண்டு மாணவர்கள் கொடுத்த பயிற்சி அறிக்கைகள் இருக்கும். எந்த அலுவலகத்தில் என்ன வேலை தந்தார்கள், எத்தனை முறை சைட்டுக்கு அனுப்பினார்கள் என்பதை அவற்றின் பக்கங்களிலேயே படித்தறியலாம். வருகைதரு ஆசிரியர்களாக வந்து டிசைன் வகுப்பு எடுப்பவர்களில் பலர் சொந்த அலுவலகம் நடத்துபவர்கள். ஜூரிக்கு வருபவர்களும் அப்படியே. இந்தியக் கட்டடக்கலைஞர் கழகமான ஐ.ஐ.ஏ.வின் தமிழ்நாட்டுக் கிளை நடத்தும் கூட்டங்களிலும் அவர்களைச் சந்திக்கலாம். ஊருக்குள் நடந்துபோகும்போது கட்டுமான இடங்களில் தொங்கும் பலகைகளைப் படிப்பதும் ஒரு வழி. பெரிய குடியிருப்புத் திட்டங்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. மனை விற்பனை ஒழுங்குமுறைச் சட்டம், 2016இன்படி, பதிவுக்கு விண்ணப்பிக்கும் கட்டுநர் அத்திட்டத்தின் கட்டடக்கலைஞர் யார் என்பதையும் தெரிவிக்க வேண்டும். எனவே பிடித்த கட்டடம் ஒன்றின் பின்னால் இருப்பவர் யார் என்பதைக் கண்டுபிடிப்பது அவ்வளவு கடினம் இல்லை.

பெயர் கிடைத்ததும் ஒரு சரிபார்ப்பு தேவை. கட்டடக்கலைஞர்கள் சட்டம், 1972இன் கீழ், கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிவு செய்தவர் மட்டுமே ‘ஆர்க்கிடெக்ட்’ என்ற பெயரைப் போட்டுக்கொள்ளலாம். ‘சி.ஏ.’ என்ற எழுத்துகளுடன் தொடங்கும் பதிவு எண் ஒவ்வொருவருக்கும் உண்டு. வீட்டு வரைபடம் போட்டுத்தரும் கடைகளிலும் இன்டீரியர் நிறுவனங்களிலும் கற்றுக்கொள்ள நிறைய இருக்கலாம். ஆனால் போகும் இடம் எது என்று தெரிந்து போவது நல்லது. பின்னாளில் கட்டாயப் பயிற்சிக்கும் அதே இடத்துக்குத் திரும்ப எண்ணம் இருந்தால் இந்தப் பதிவு எண் கண்டிப்பாகத் தேவைப்படும்.

அலுவலகங்களில் வகைகள் உண்டு. ஒவ்வொன்றும் கற்றுத்தருவது வேறு. நாலைந்து பேர் மட்டுமே உள்ள சிறிய அலுவலகத்தில் முதன்மைக் கட்டடக்கலைஞரே பக்கத்து மேசையில் இருப்பார். வீட்டுக்காரருடன் அவர் பேசுவதும், மரவேலைக்காரருக்குக் கையால் வரைந்து கொடுப்பதும், கான்ட்ராக்டரின் பில்லைத் திருத்துவதும் மாணவரின் காதில் விழும். மருத்துவமனை, ஐ.டி. வளாகம், அடுக்குமாடி என்று செய்யும் பெரிய அலுவலகத்தில் ஒரு திட்டத்தின் ஒரு துண்டுதான் கையில் வரும். ஆனால் கட்டமைப்புப் பொறியாளர், மின்சாரம், குழாய், தீயணைப்பு என்று பல துறை வரைபடங்கள் எப்படி ஒன்றோடொன்று பொருத்தப்படுகின்றன என்பதை அங்கேதான் பார்க்க முடியும். பழைய கட்டடங்களைப் பேணும் வேலையில் ஆர்வம் உள்ளவர்களுக்கு, 1984இல் தொடங்கப்பட்ட இன்டாக் அமைப்பின் கிளைகளும், சுண்ணாம்புச் சாந்தும் மெட்ராஸ் டெரஸ் கூரையும் தெரிந்த தனி அலுவலகங்களும் இருக்கின்றன. மண், செங்கல், குறைந்த செலவு என்ற வழியில் போக விரும்புவோருக்கு, 1989 முதல் இயங்கும் ஆரோவில் எர்த் இன்ஸ்டிட்யூட்டின் குறுகிய காலப் பயிலரங்குகள் உண்டு. கேரளத்தில் லாரி பேக்கரும் சேர்ந்து 1985இல் உருவாக்கிய காஸ்ட்ஃபோர்டு அமைப்பும் அந்த வழியில் இயங்குவதே.

சொந்த ஊர் அலுவலகத்தைக் குறைத்து மதிப்பிடும் வழக்கம் மாணவர்களிடம் உண்டு. திண்டுக்கல்லிலோ நாகர்கோவிலிலோ காரைக்குடியிலோ இயங்கும் ஆர்க்கிடெக்ட் ஒருவரிடம் விடுமுறையில் போய்வந்தால் விடுதி வாடகையும் சாப்பாட்டுச் செலவும் மிச்சம். சைட் பக்கத்தில் இருக்கும். மொழியும் கொத்தனார்களின் பேச்சும் பழகியவை. ஆறு வாரத்தை வீடு தேடுவதிலும் ஊர் பழகுவதிலும் கழிக்காமல் முதல் நாளிலிருந்தே வேலையில் இறங்கிவிடலாம்.

விண்ணப்பம் அனுப்ப ஏற்ற காலம் ஜனவரி, பிப்ரவரி. பருவத் தேர்வு முடிந்தபின் ஏப்ரல் கடைசியில் அனுப்பினால் இடம் நிரம்பியிருக்கும், அல்லது முடிவெடுக்க வேண்டியவர் வெளியூரில் இருப்பார். அனுப்ப வேண்டியவை மூன்றுதான்: ஒரு கடிதம், ஒரு பக்கப் பயோடேட்டா, போர்ட்ஃபோலியோ.

போர்ட்ஃபோலியோ 10 முதல் 15 பக்கம் போதும்; மின்னஞ்சலில் தடையின்றிப் போகும் அளவுக்குக் கோப்பு சிறியதாக இருக்க வேண்டும். கல்லூரியில் செய்த எல்லாவற்றையும் அடைப்பது தேவையற்றது. இரண்டு டிசைன் புராஜெக்ட், ஓர் அளவெடுப்பு வரைபடம், ஒரு கட்டுமான விவரம், சில கைவரைவுகள் என்று இருந்தால் நிறைவு. மென்பொருள் தரும் பளபளப்பான காட்சிப் படங்களை அலுவலகங்கள் நிறையப் பார்த்துவிட்டன. அவர்களின் கண் நிற்கும் இடம் வேறு: பிளானும் செக்‌ஷனும் ஒத்துப்போகின்றனவா, கோடுகளின் தடிப்பு வேறுபடுகிறதா, வடக்குக் குறியும் ஸ்கேலும் இருக்கின்றனவா, 230 மில்லிமீட்டர் சுவரையும் 115 மில்லிமீட்டர் சுவரையும் மாணவர் பிரித்து வரைந்திருக்கிறாரா. குழுவாகச் செய்த வேலையில் தன் பங்கு எது என்று ஒரு வரி எழுதுவது நேர்மை. அது இல்லாத போர்ட்ஃபோலியோ ஐயத்தைக் கிளப்பும். தேனியில் ஒரு பழைய வீட்டையோ தஞ்சாவூரில் ஒரு தெருவையோ அளந்து வரைந்த ஒரே ஒரு தாள், கற்பனையில் கட்டிய பத்து அருங்காட்சியகங்களைவிட அதிகம் பேசும்.

கடிதம் சுருக்கமாக இருக்க வேண்டும். இன்னாருக்கு என்று எழுத வேண்டும். ஒரே கடிதத்தை ஐம்பது முகவரிக்கு ஒன்றாக அனுப்பினால் பதில் வருவது அரிது. நல்ல கடிதம் ஒன்று இப்படி இருக்கலாம்:

“வணக்கம். மதுரையில் பி.ஆர்க். மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். உங்கள் அலுவலகம் வடிவமைத்த பள்ளிக் கட்டடத்தைச் சென்ற மாதம் நேரில் பார்த்தேன். மேற்கு வெயிலை மறைக்க வராந்தாவை அந்தப் பக்கம் திருப்பியிருக்கும் முறையை வரைந்து பார்த்தேன். அந்தத் தாளை இணைத்திருக்கிறேன். மே 11 முதல் ஜூன் 19 வரை ஆறு வாரம் உங்களிடம் பயிற்சிக்கு வர விரும்புகிறேன். ஆட்டோகேட், ஸ்கெட்ச்அப் தெரியும். கையால் மாடல் செய்வேன். சைட்டில் நடக்கும் வேலையைப் பார்க்க வாய்ப்பிருந்தால் மகிழ்வேன். நேரில் வந்து போர்ட்ஃபோலியோவைக் காட்ட எந்த நாள் வசதிப்படும் என்று தெரிவித்தால் வருகிறேன்.”

எந்தக் கட்டடம், எந்தத் தேதி, என்ன தெரியும், என்ன வேண்டும் என்ற நான்கும் அதில் வந்துவிடுகின்றன. இதை ஆங்கிலத்தில் எழுதினாலும் இந்த நான்கும் இருந்தாக வேண்டும். பத்து நாளில் பதில் இல்லையென்றால் ஒருமுறை தொலைபேசியில் கேட்பது தவறில்லை. பல சிறிய அலுவலகங்களில் மின்னஞ்சலைத் திறப்பதற்கே ஆள் இருக்காது. தாள்களைக் கையில் எடுத்துக்கொண்டு நேரில் போகும் மாணவருக்கு அங்கே இடம் கிடைப்பது சாதாரணம்.

நேர்முகம் பெரும்பாலும் ஒரு பேச்சுதான். போர்ட்ஃபோலியோவின் ஒரு பக்கத்தைக் காட்டி, இந்தச் சுவர் ஏன் இங்கே, இந்தக் கூரையிலிருந்து தண்ணீர் எங்கே போகும் என்று கேட்பார்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்வது பாதகம் இல்லை. மாணவரும் அப்போதே கேட்க வேண்டியவை சில: யாருக்குக் கீழ் வேலை, வாரத்தில் எத்தனை நாள் சைட், வேலை நேரம் என்ன, சொந்த லேப்டாப் கொண்டுவர வேண்டுமா, ஸ்டைபெண்ட் உண்டா, வரைந்தவற்றைப் போர்ட்ஃபோலியோவில் போட அனுமதி உண்டா, முடிவில் சான்றிதழ் தருவார்களா. கிடைத்த பதில்களை ஒரு மின்னஞ்சலில் எழுதி உறுதிசெய்துகொண்டால் பின்னால் மனக்கசப்பு வராது. மென்பொருள் பற்றியும் ஒரு சொல்: மாணவர்களுக்கு இலவசமாகக் கிடைக்கும் ஆட்டோடெஸ்க் உரிமம் படிப்புக்கு மட்டுமே, அலுவலக வேலையை அலுவலகத்தின் உரிமத்தில்தான் செய்ய வேண்டும்.

சம்பளம் பற்றிய கேள்வி இத்தொழிலில் நீண்ட வரலாறு உடையது. அமெரிக்காவில் ஃபிராங்க் லாய்டு ரைட் 1932இல் டாலியசின் பயிற்சிக் கூடத்தைத் தொடங்கியபோது, பயில வந்தவர்கள்தாம் அவருக்கு ஆண்டுக்கு 650 டாலர் கட்டினார்கள். பின்னாளில் 2018இல் பிரிட்ஸ்கர் பரிசு பெற்ற பால்கிருஷ்ண தோஷி, 1951இல் பாரிசில் லெ கொர்புசியேயின் அலுவலகத்தில் சேர்ந்தபோது தொடக்கத்தில் சம்பளமே வாங்கவில்லை. பெரியவர்களின் காலடியில் இலவசமாக உழைப்பது பெருமை என்ற எண்ணம் அப்படித்தான் ஊறியது. இப்போது அந்த எண்ணம் மாறிவருகிறது. பிரிட்டனின் ரிபா என்னும் கட்டடக்கலைஞர் அமைப்பு, தன் அங்கீகாரம் பெற்ற அலுவலகங்கள் மாணவர்களுக்குக் குறைந்தபட்ச ஊதியமாவது தர வேண்டும் என்று 2011இல் விதித்தது. லண்டனில் 2019ஆம் ஆண்டுச் சர்பென்டைன் பெவிலியனை வடிவமைத்த ஜப்பானியக் கட்டடக்கலைஞர் ஜுன்யா இஷிகாமியின் அலுவலகம் ஊதியமில்லாப் பயிற்சியாளர்களைத் தேடியது வெளியே தெரிந்ததும் கண்டனம் எழுந்தது. அந்தத் திட்டத்தில் வேலை செய்யும் அனைவருக்கும் ஊதியம் தர வேண்டும் என்று சர்பென்டைன் கேலரி அறிவுறுத்தியது.

தமிழ்நாட்டில் கோடைப் பயிற்சிக்கு ஒரே சீரான தொகை இல்லை. சில இடங்களில் ஸ்டைபெண்ட், சில இடங்களில் போக்குவரத்துச் செலவும் மதியச் சாப்பாடும், சில இடங்களில் ஒன்றும் இல்லை. எடைபோட ஒரு வழி உண்டு. மாணவர் வரையும் தாள் வாடிக்கையாளருக்கோ சைட்டுக்கோ போகிறது என்றால் அது அலுவலகத்தின் வருமானத்துக்கு உதவும் உழைப்பு. அதற்குத் தொகை கேட்பது நியாயம். இரண்டு வாரம் கூட இருந்து பார்ப்பது மட்டும் என்றால் நிலை வேறு. பயிற்சிக்கு மாணவரிடமே கட்டணம் கேட்கும் இடத்தையும், வேலையில்லாமல் சான்றிதழ் மட்டும் விற்கும் இடத்தையும் தவிர்ப்பதே முறை.

பாதுகாப்பு பற்றியும் தெரிந்திருக்க வேண்டும். சைட்டில் தலைக்கவசமும் மூடிய காலணியும் இன்றி ஏறக்கூடாது. செருப்புக்காலுடன் சென்ட்ரிங் பலகையில் நடப்பவர் ஆணியை மிதிப்பார். பெண்களைப் பணியிடப் பாலியல் துன்புறுத்தலிலிருந்து காக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் பயிற்சியாளர்களையும் ஊழியர் என்றே கணக்கில் எடுக்கிறது. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் அலுவலகத்தில் உள்ளகப் புகார்க் குழு இருந்தாக வேண்டும். அதைவிடச் சிறிய அலுவலகத்தில் இருப்பவர் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போகலாம். இரவு வெகுநேரம் தங்கும் வழக்கம் உள்ள அலுவலகம் என்றால், வீடு திரும்ப என்ன ஏற்பாடு என்று சேருமுன்பே கேட்பது மாணவரின் உரிமை.

சேர்ந்த பின் முதல் வாரம் சலிப்பாக இருக்கலாம். பழைய வரைபடத்தைத் திருத்து, டைல்ஸ் மாதிரிகளை அடுக்கு, பிரிண்ட் எடுத்து மடி என்பார்கள். மடிக்கும்போதே அந்தத் தாளைப் படிப்பவர் முந்திக்கொள்கிறார். கல்லூரியில் ஒரு வீட்டுக்கு நாலைந்து தாள் வரைந்தவர், அதே அளவு வீட்டுக்கு அலுவலகம் நாற்பது ஐம்பது தாள் வரைவதை அங்கே காண்பார். கதவு அட்டவணை, கழிவறை டைல்ஸ் அமைப்பு, மின்புள்ளிகள், மாடிப்படி விவரம் என்று ஒவ்வொன்றுக்கும் தனித் தாள் இருக்கும். அனுமதிக்காக மாநகராட்சிக்கோ சி.எம்.டி.ஏ.வுக்கோ டி.டி.சி.பி.க்கோ போகும் வரைபடம் இன்னொரு வகை. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019 என்ற நூல் அலுவலக மேசையில் கிடக்கும். பக்கவாட்டில் எவ்வளவு இடம் விட வேண்டும், 18.30 மீட்டர் உயரத்தைத் தாண்டினால் உயரமான கட்டடங்களுக்குரிய விதிகள் எப்படி வந்து சேர்கின்றன என்பதை அங்கே ஓர் உண்மையான மனையை வைத்துப் படிக்கலாம்.

சைட்டில் கற்பது இன்னும் நுணுக்கமானது. மாடிப்படியை எடுத்துக்கொள்ளலாம். கீழ்த்தளத்திலிருந்து மேல்தளம் 10 அடி. படி ஒன்று 6 அங்குலம் என்றால் 20 படி. தாளில் கணக்கு நேராக வரும். ஆனால் இரு தளங்களிலும் கலவையும் டைல்ஸுமாக 3 அங்குலம் ஏறும்; படியின் மேல் கலவையும் கிரானைட்டுமாக ஒன்றரை அங்குலம்தான் ஏறும். எல்லாப் படியையும் கான்கிரீட்டில் 6 அங்குலமாகவே போட்டுவிட்டால், வேலை முடிந்தபின் முதல் படி நாலரை அங்குலமாகவும் கடைசிப் படி ஏழரை அங்குலமாகவும் நிற்கும். ஏறுபவர் கால் தடுக்கும். அதனால் அனுபவமுள்ள மேஸ்திரி கான்கிரீட்டில் முதல் படியை ஏழரை அங்குலமும் கடைசிப் படியை நாலரை அங்குலமும் வைத்துச் சுவரில் சாக்பீஸால் கோடு போடுவார். அந்தக் கோட்டைப் பார்த்து, ஏன் என்று கேட்டு, அன்றைக்கே நோட்டில் வரைந்துகொள்பவருக்கு மறுவாரம் படித் தாளைத் தனியாக வரையக் கொடுப்பார்கள்.

அந்த நோட்டு தினமும் எழுதப்பட வேண்டும். அன்று வரைந்தது, பார்த்தது, கேட்ட கேள்வி, கிடைத்த பதில், ஓர் அளவு, ஒரு கைவரைவு என்று ஒரு பக்கம் போதும். வாடிக்கையாளரின் பெயரும் வீட்டின் விலாசமும் பட்ஜெட்டும் அதில் இருக்கக் கூடாதவை. அலுவலகக் கோப்புகளை அனுமதியில்லாமல் பென் டிரைவில் எடுத்துப்போவதும், சைட் படங்களைக் கேட்காமல் சமூக வலைத்தளத்தில் போடுவதும் அதுவரை சேர்த்த நல்ல பெயரை ஒரே நாளில் அழித்துவிடும்.

பயிற்சி முடியும்போது தேதியும் வேலை விவரமும் பதிவு எண்ணும் உள்ள சான்றிதழ், போர்ட்ஃபோலியோவில் போட அனுமதிக்கப்பட்ட தாள்கள், முதன்மைக் கட்டடக்கலைஞருடன் கால் மணி நேரப் பேச்சு ஆகிய மூன்றையும் கேட்டு வாங்க வேண்டும். எதில் பலம், எதில் குறை என்று அவர் சொல்வது அடுத்த பருவத்தின் டிசைன் வகுப்புக்கு நேரடியாகப் பயன்படும்.

எங்கும் இடம் கிடைக்காவிட்டால் விடுமுறை வீண் என்று இருந்துவிட வேண்டியதில்லை. உள்ளூர்க் கான்ட்ராக்டர் ஒருவரிடம் சொல்லி ஒரு மாதம் ஒரே சைட்டுக்குப் போய்வரலாம். மண் கட்டுமானப் பயிலரங்கு ஒன்றில் சேரலாம். சொந்த ஊரின் பழைய வீடு ஒன்றை நடையிலிருந்து கொல்லை வரை அளந்து முழுத் தொகுதியாக வரையலாம். அடுத்த ஆண்டு விண்ணப்பத்தில் முதல் பக்கமாக வைக்க அதுவே தகுதியான வேலை.

ஆகவே மாணவ மாணவியர் வரும் ஜனவரியிலேயே சொந்த ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் கட்டடம் எழுப்பிக்கொண்டிருக்கும் ஐந்து அலுவலகங்களை நேரில் பார்த்துக் குறித்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கடிதம் எழுத வேண்டும் என்று இம்மடல் கேட்டுக்கொள்கிறது. இடம் கொடுக்கும் கட்டடக்கலைஞர்கள் வாரத்தில் ஒரு நாளாவது மாணவரைச் சைட்டுக்கு அழைத்துப்போக வேண்டும் என்பதும், வாங்கும் வேலைக்கு உரிய தொகையைத் தர வேண்டும் என்பதும் அதே அளவு அழுத்தமான வேண்டுகோள்.